கூண்டுக்கு வெளியே போகும் காலம்: தொழில்முறை எம்எம்ஏ வீரருக்கான நடைமுறைக் குறிப்புகள்

தொழில்முறை எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை) வீரர் ஒருவர் வருடத்துக்கு மூன்று சண்டை போட்டாலே அதிகம். சண்டைக்கு மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு 5 நிமிடம். எல்லாமே கடைசி மணி வரை போனாலும் மொத்தம் 45 நிமிடம்தான் அவர் கூண்டுக்குள் இருக்கிறார். மூட்டு கிழிவதும், தோல் புண்ணாவதும், மூளை அடி வாங்குவதும், கையிருப்பு கரைவதும் பெரும்பாலும் அந்த 45 நிமிடத்துக்கு வெளியேதான். கூண்டுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. வெளியே எப்படிப் பிழைப்பது என்பதைத்தான் பலரும் அடிபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் அவசரம். இரண்டு வருடம் ஜிம்முக்குப் போனதும் புரோ ஆக வேண்டும் என்று துடிக்கிறவர்கள் நிறைய. அமெச்சூரில் குறைந்தது எட்டுப் பத்து சண்டையாவது போட்டுவிட்டு வாருங்கள். அமெச்சூர் தோல்வி உங்கள் புரோ ரெக்கார்டில் ஏறாது. ஏறிய புரோ தோல்வியை அழிக்க முடியாது, புரோ ஆனபின் அமெச்சூருக்குத் திரும்பவும் முடியாது. 2012இல் தொடங்கிய சர்வதேச அமெச்சூர் கூட்டமைப்பான ஐஎம்எம்ஏஎஃப்பின் விதிப்படி ரவுண்டு 3 நிமிடம், முழங்காலுக்குக் கீழே கவசம் உண்டு, முழங்கை அடி கிடையாது. வேறு வேறு உடல்வாகு, வேறு வேறு பாணி உள்ளவர்களோடு குறைந்த சேதத்தில் மோதிப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. பலவீனமான எதிராளிகளாகத் தேடிப் பிடித்து 6-0 என்று ரெக்கார்டை ஊதுவதில் பயனில்லை. ஆள் எடுப்பவர்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஆறு பேரின் ரெக்கார்டையும் திறந்து பார்க்கிறார்கள்.

அடுத்தது எடை. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் உயிரே போயிருக்கிறது. 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற நிறுவனத்தின் போட்டிக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தார். அவருக்கு வயது 21. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கும் முறைக்கு மாறியது. அதனால் எடைப் பிரிவுகளின் எல்லையும் ஒரு படி மேலே போனது. அமெரிக்காவின் யுஎஃப்சி நிறுவனத்தில் லைட்வெயிட் என்றால் 70.3 கிலோ. ஒன் சாம்பியன்ஷிப்பில் அதே பெயருக்கு 77.1 கிலோ. ஒப்பந்தத்தில் பிரிவின் பெயரை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், கிலோவைப் பாருங்கள்.

எந்தப் பிரிவில் நிற்பது? சண்டைக்கான பயிற்சி முகாம் இல்லாத சாதாரண நாளில், ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்யும்போது உங்கள் எடை என்ன என்று ஒரு மாதம் தினமும் காலையில் குறித்து வையுங்கள். அந்தச் சராசரி பிரிவு எல்லையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது உங்கள் பிரிவு அல்ல. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பெரிய உடம்போடு சின்னப் பிரிவில் நின்றால் லாபம் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியவர்கள் பலர். வெல்டர்வெயிட்டை விட்டு 2014இல் மிடில்வெயிட்டுக்கு ஏறிய ராபர்ட் விட்டேக்கர் 2017இல் பட்டம் வாங்கினார். ஃபெதர்வெயிட்டில் தன்னை வதைத்துக்கொண்டிருந்த டஸ்டின் பொய்ரியர் ஒரு படி மேலே லைட்வெயிட்டுக்கு வந்த பிறகுதான் இடைக்காலப் பட்டம் வரை போனார். மறுபக்கம் டேனியல் கோர்மியரைப் பாருங்கள். எடை குறைத்ததில் சிறுநீரகம் செயலிழந்து, 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்த மேடை ஏறாமலே விலக நேர்ந்தது.

இப்போது கணக்கு. 70.3 கிலோ பிரிவை எடுத்துக்கொள்வோம். பட்டச் சண்டை இல்லையென்றால் ஒரு பவுண்டு சலுகை உண்டு, ஆகவே 70.7 காட்டினால் போதும். பட்டச் சண்டைக்குச் சலுகை இல்லை. எட்டு வார முகாம் 77 கிலோவில் தொடங்குகிறது என்றால், வாரத்துக்கு 300 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாக இறக்கி, சண்டை வாரத்தின் திங்கட்கிழமை 74.5இல் நிற்க வேண்டும். இந்த இறக்கம் கொழுப்பில் வர வேண்டும். உடல் எடையின் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் புரதம் சாப்பிட்டு, எண்ணெயையும் இனிப்பையும் குறைத்தாலே வரும். திங்கட்கிழமை 76 என்று தராசு காட்டினால் முகாம் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தவறை வெந்நீர்த் தொட்டியில் சரிசெய்யப் போகும்போதுதான் விபத்து நடக்கிறது.

மிச்சமுள்ள 3.8 கிலோவைக் குறைக்கும் வழிகள் மூன்று. முதலாவது நார்ச்சத்து. திங்கள் முதல் நாளுக்கு 10 கிராமுக்குக் கீழே வைத்தால் குடலில் தங்கும் பொருள் குறைந்து முக்கால் கிலோ வரை போகும், களைப்பும் தெரியாது. கீரை, பயறு, பருப்பு, தோலோடு பழம் எல்லாம் அந்த நான்கு நாள் வேண்டாம். வெள்ளைச் சோறு கொஞ்சம், முட்டை, மீன், கோழி போதும். இரண்டாவது மாவுச்சத்து. நாளுக்கு 50 கிராம் என்று குறைத்தால் தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் கரையும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் அதுவும் சேர்ந்து வெளியேறும். இதில் ஒரு கிலோ. மூன்றாவதுதான் நீர், அதாவது மீதி இரண்டு கிலோ.

நீர் விஷயத்தில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐந்து நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். உடம்பும் சிறுநீரைக் கட்டிப்போட்டுவிடும். சரியான முறை முதலில் நிறையக் குடிப்பது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கிலோவுக்கு 100 மில்லி, அதாவது 7.5 லிட்டர் அளவு. வியாழன் கிலோவுக்கு 15 மில்லி, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். சண்டைக்கு முந்தின நாளான வெள்ளி காலை எடை பார்க்கும் வரை வாய் நனைப்பதோடு சரி. அதிக நீர் குடித்துப் பழகிய சிறுநீரகம், வரத்து நின்ற பிறகும் சில மணி நேரம் அதே வேகத்தில் வெளியேற்றும். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. ஒன்றை மறக்கக் கூடாது. 7.5 லிட்டரை நாள் முழுக்கப் பரப்பிக் குடிக்க வேண்டும், மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது. இந்த நாட்களில் உப்பை முழுதாக நிறுத்தவும் கூடாது. உப்பில்லாமல் நீரை மட்டும் கொட்டினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வரும், உயிரே போகலாம்.

கடைசியில் மிஞ்சுவதை வியர்வையில் எடுக்கலாம். 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 முதல் 15 நிமிடம், பிறகு துண்டுகளைச் சுற்றிக்கொண்டு 15 முதல் 20 நிமிடம் படுக்கை. பிறகு தராசு. ஒரு சுற்றில் அரைக் கிலோவோ சற்று அதிகமோ போகும். தண்ணீரின் சூட்டைக் கை வைத்துப் பார்க்காதீர்கள், வெப்பமானி வேண்டும். கதவு பூட்டக் கூடாது. பக்கத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் ‘போதும், சண்டையே வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் உள்ளவராக இருக்க வேண்டும். வியர்வை நின்றுபோனால், கேட்ட கேள்விக்குப் பதில் குழறினால், எழுந்ததும் கண் இருட்டினால், நெஞ்சு படபடப்பு ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். ரப்பர் உடை போட்டு ஓடுவதை அறவே விடுங்கள். 1997இல் சில வார இடைவெளியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படித்தான் இறந்தார்கள். அதன் பிறகே அங்கே ரப்பர் உடையையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது, பேதி மருந்து குடலைக் கெடுக்கும். இரண்டையும் தொட வேண்டாம்.

எடை காட்டியதும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது அடுத்த தவறு. வெறும் நீர் தங்காது. இழந்தது இரண்டரைக் கிலோ என்றால் இரவுக்குள் மூன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் ஓஆர்எஸ். உலக சுகாதார நிறுவன அளவுப்படியான பொட்டலம் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு பொட்டலம், அளவை மாற்றக் கூடாது. பிறகு கால் மணிக்கு ஒரு தம்ளர் வீதம். சாப்பாட்டில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து: சோறு, இட்லி, வாழைப்பழம், தேன். பிரியாணியும் பொரித்ததும் சண்டை முடிந்த பிறகு. ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மருத்துவமனைச் சிகிச்சை இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினால் அது ஊக்கமருந்து விதிமீறல்.

எடை தவறினால் சம்பளத்தில் 20 முதல் 30 சதவீதம் எதிராளிக்குப் போவது வழக்கம். பணம் போகட்டும். ஆனால் அதற்குப் பயந்து கடைசி அரைக் கிலோவுக்காக உடம்பைச் சுருட்டிப் பிழியும் வீரர், மறுநாள் காய்ந்த உடம்போடு தலையில் அடி வாங்கப் போகிறார். அரைக் கிலோ தவறியதை அடுத்த சண்டையில் மறந்துவிடுவார்கள்.

சண்டை இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கைக்கட்டு நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். சண்டைகளை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க ஆணையங்களின் பழைய அளவு, ஒரு கைக்கு 2 அங்குல அகலமுள்ள காஸ் துணி 13 கஜம், ஓர் அங்குல டேப் 10 அடி. கையை மடக்கும்போது டேப் விரல் முட்டியிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளியே நிற்க வேண்டும். குத்துச்சண்டைக் கையுறை 8, 10 அவுன்ஸ், நம்முடையது 4 அவுன்ஸ்தான். முட்டிக்குப் பின்னுள்ள எலும்புகள் உடைவது அதனால்தான். மணிக்கட்டில் இறுக்கமும் முட்டிமேல் மெத்தையும் வேண்டும். கட்டி முடித்ததும் விரலை விரித்து மூடிப் பாருங்கள். விரித்திருக்கும்போது நெருக்காமலும், மூடும்போது இறுகியும் இருந்தால் சரி.

இடைவேளை 60 வினாடி. நடந்து வந்து உட்காருவதில் பத்து போய்விடும். முதல் 15 வினாடி மூச்சுக்கு, யாரும் பேசக் கூடாது. பிறகு ஒரே ஒருவர், இரண்டே விஷயம் சொல்ல வேண்டும். மூன்றாவது தலைக்குள் போகாது. மூக்கு உடைந்திருந்தால் சிந்தவே கூடாது. மூக்கையொட்டிய எலும்பில் விரிசல் இருந்தால் காற்று கண்ணிமைக்குள் ஏறி நொடியில் கண் மூடிவிடும், மருத்துவர் சண்டையை நிறுத்திவிடுவார். எதிராளியின் காலில் உதைக்கிறவர்கள், குத்தில் அவர் கவனத்தை மேலே இழுக்காமல் வெறும் உதையாக வீசாதீர்கள். எதிராளி முழங்காலைத் தூக்கி வாங்கினால் உடைவது உதைத்த கால். 2013 டிசம்பரில் ஆண்டர்சன் சில்வாவின் கால் கிறிஸ் வைட்மனின் முழங்காலில் பட்டு உடைந்தது. 2021 ஏப்ரலில் அதே வைட்மன் உதைத்த முதல் உதையிலேயே அவருடைய கால் உடைந்தது. விதிகளையும் வருடாவருடம் படியுங்கள். 2024 நவம்பரில் மேலிருந்து நேராகக் கீழே இறங்கும் முழங்கை அடியை அனுமதித்தார்கள். கையை மட்டும் தரையில் ஊன்றித் ‘தரையில் இருக்கிறேன்’ என்று தலை உதையிலிருந்து தப்பிக்கும் பழைய வழியும் அன்றோடு போனது.

தொழிலின் நீளத்தைத் தீர்மானிப்பது ஸ்பாரிங், அதாவது பயிற்சியில் துணையோடு மோதிப் பார்ப்பது. ஒவ்வொரு ஜிம்மிலும் சனிக்கிழமை ‘போர்’ என்று ஒன்று நடக்கும், பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். தலையில் முழு வேகத்தில் அடிக்கும் ஸ்பாரிங் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அதுவும் முகாமின் நடு வாரங்களில் மட்டும், 16 அவுன்ஸ் கையுறையோடு, தெரிந்த துணையோடு. சண்டைக்கு 12, 14 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். மீதி நாளெல்லாம் உடலில் மட்டும் அடி, சுவரோரப் பிடி, பேட், பாதி வேகத் தொடு ஸ்பாரிங். மேக்ஸ் ஹாலோவே கடும் ஸ்பாரிங்கையே விட்டுவிட்டும் உச்சத்தில் நின்றார். கூர்மை மங்கிவிடும் என்ற பயத்துக்கு அவர் சண்டைகளே பதில்.

தலையில் அடிபட்டு விழுந்த பிறகு ஆணையம் தடைக்காலம் கொடுக்கும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நாக் அவுட்டுக்கு வழக்கமாக 60 நாள் சண்டை இல்லை, 45 நாள் உடல் மோதும் பயிற்சி இல்லை. எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தால் 180 நாள், அல்லது மருத்துவர் சான்று தரும் வரை. சண்டைக்கான தடையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பயிற்சிக்கான 45 நாளை ஜிம்முக்கு வந்து யாரும் பார்ப்பதில்லை, நீங்களேதான் காக்க வேண்டும். பயிற்சியில் தலைசுற்றினாலும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் மிதக்கும் புள்ளிகள், ஓரத்தில் மின்னல், திரை விழுந்த மாதிரி நிழல் தெரிந்தால் அன்றே விழித்திரை மருத்துவர். மைக்கேல் பிஸ்பிங் 2013 சண்டையில் விழித்திரை பிரிந்து, கடைசியில் வலது கண்ணின் பார்வையையே இழந்தார்.

மூட்டுப் பிடிகளில், குதிகாலைப் பிடித்துக் காலைத் திருகும் ஹீல் ஹுக் தனி ரகம். கை மடக்கினால் வலி முதலில் வரும், சேதம் பிறகு. ஹீல் ஹுக்கில் வலி வரும்போது முழங்கால் தசைநார் ஏற்கெனவே போயிருக்கும். பயிற்சியில் குதிகாலைப் பிடித்த உடனே தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுங்கள், திருகும் வரை காத்திருக்க வேண்டாம். முன்சிலுவைத் தசைநார் கிழிந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதமாவது போகும். அந்த ஒன்பது மாதமும் வருமானம் இல்லை.

தோலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முகாம் கெடுவது பல நேரம் இதனால்தான். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் சோப்புப் போட்டுக் குளியல், துண்டு பகிரக் கூடாது, முழங்கால் உறையும் கையுறையும் தினமும் வெயிலில். வட்டமாக அரிக்கும் படர்தாமரை வந்தால் மருந்துக்கடையில் ‘ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு, ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்காதீர்கள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், பிறகு மாதக்கணக்கில் போகாது. நம் ஊரில் இது பெரிய தொல்லையாகவே ஆகிவிட்டது. தோல் மருத்துவர் சொன்ன பூஞ்சை மருந்தை, அடையாளம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். சிவந்து சூடாகி, நடுவில் சீழ் வைத்து, வேகமாகப் பெரிதாகும் கட்டியை நசுக்காதீர்கள். அது பல மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ பாக்டீரியாவாக இருக்கலாம். சுற்றிலும் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனை. காது வீங்கினால் இரண்டு மூன்று நாளுக்குள் சுத்தமான ஊசியால் மருத்துவர் வடிக்க வேண்டும், வடித்த பிறகு அழுத்தக் கட்டு அவசியம். கட்டில்லாவிட்டால் மறுபடி நிரம்பும்.

பணம். யுஎஃப்சியில் புதிதாகச் சேர்பவருக்குப் பல ஆண்டுகளாகப் பரவலாகச் சொல்லப்பட்ட தொகை, கூண்டேற 12,000 டாலர், வென்றால் இன்னொரு 12,000. கேட்க நன்றாக இருக்கிறது. தோற்ற இரவின் மாதிரிக் கணக்கு இது: அமெரிக்காவில் சண்டை என்றால் வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் வரிப்பிடித்தம், 3,600. மேலாளருக்குப் பத்து சதவீதம், ஜிம்முக்குப் பத்து, சேர்த்து 2,400. கையில் 6,000. பெரும்பாலும் நிறுவனம் டிக்கெட் கொடுப்பது உங்களுக்கும் ஒரு துணைக்கும்தான். இரண்டாவது ஆளின் விமானம், மருத்துவச் சோதனைகள், விசாச் செலவு என்று 2,000 போனால் மிச்சம் 4,000. எட்டு வாரச் சாப்பாடும் வாடகையும் பிசியோவும் இதிலிருந்து வர வேண்டும். இந்தக் கணக்கை ஒப்பந்தம் வரும் முன்பே போட்டுப் பாருங்கள். சிறிய நிறுவனங்களில் இதில் கால்வாசிகூடக் கிடைக்காது. அதனால் முதல் ஐந்தாறு வருடம் வேறு வருமானம் இருந்தே ஆக வேண்டும். பயிற்சி வகுப்பு எடுப்பது நல்ல வழி, நேரம் உங்கள் கையில் இருக்கும்.

ஒப்பந்தத்தில் ஐந்து இடங்களை வழக்கறிஞரோடு உட்கார்ந்து படியுங்கள்: எத்தனை சண்டை, எத்தனை மாதத்துக்குள், தோற்றால் யார் விலக்கலாம், வேறெங்கும் சண்டை போடக் கூடாது என்பது எதுவரை, முடிந்த பிறகு வேறு நிறுவனத்தின் விலையை ஈடுகட்டும் உரிமை அவர்களுக்கு எத்தனை மாதம். பட்டம் வென்றால் தானாக நீளும் ஷரத்தும் இருக்கும். ஒப்பந்தக் காலம் முடியும் வரை பொறுத்திருந்து 2023 ஜனவரியில், ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தபோதே யுஎஃப்சியை விட்டு வெளியேறினார் பிரான்சிஸ் நகானு, பேரம் பேசும் பலம் அவருக்கு அங்கிருந்து வந்தது. பத்து நாள் அவகாசத்தில் வரும் அழைப்பையும் யோசித்தே ஏற்க வேண்டும். உங்கள் எடை அன்று எல்லையைவிட 5 சதவீதத்துக்குள் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் நன்றி சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களுக்குக் கதவு மூடியில்லை. மலேசியத் தமிழரான அகிலன் தாணி 2017 மேயில் சிங்கப்பூரில் பென் ஆஸ்க்ரனை எதிர்த்து ஒன் சாம்பியன்ஷிப்பின் வெல்டர்வெயிட் பட்டத்துக்கே மோதினார். முதல் ரவுண்டில் தோற்றாலும், அந்த மேடை வரை ஒருவர் போய்க் காட்டியிருக்கிறார். 2024 ஜூனில் பூஜா தோமர் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

நிறுத்தும் நேரத்தைக் கண்டுபிடிக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் அடி வாங்கிய மூளையிடமே அதைக் கேட்க முடியாது. முதல் புரோ சண்டைக்கு முன்பே ஒரு எம்ஆர்ஐ, ஒரு நினைவாற்றல் சோதனை, ஒரு கண் சோதனை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், முடிந்தால் அதே மருத்துவரிடம், மறுபடி எடுங்கள். லாஸ் வேகஸில் கிளீவ்லாந்து கிளினிக் 2011 முதல் சண்டை வீரர்களின் மூளையை இப்படித்தான் வருடாவருடம் ஒப்பிட்டு ஆராய்ந்து வருகிறது. முன்பு தாங்கிய அடிக்கு இப்போது கால் மடங்குகிறதா, எரிச்சல் கூடியிருக்கிறதா, சொல்ல வந்த வார்த்தை நடுவில் நழுவுகிறதா என்பதை வீட்டில் இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் கொடுக்காமல் வீட்டில் இருக்கும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.